கச்சாங் பொட்டலத்தில் ஓர் அறுகோணம்

பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். சோற்றில் உப்பு கூடிவிட்டது, குளியலறை வாளியை யாரோ நகர்த்திவிட்டார்கள், பஸ் தாமதம் என்று கண்ணில் பட்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுவேன். அம்மா இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "இவ கத்துறான்னா எங்கயோ மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்லா" என்பார். எண்பதுகளின் கடைசியில் சில வாரங்கள் நான் வீட்டில் கத்திக்கொண்டே இருந்தேன். மாட்டிக்கொண்டது ஓர் அறுகோணத்தில்.

அப்போது நான் பினாங்குக்குப் பக்கத்தில் கூலிம் பட்டணத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர்; எல்லாருக்கும் அவர் பாய். கீழே அவருடைய சாப்பாட்டுக் கடை, மாடியில் எங்கள் தட்டச்சுக் கடை. திருமண அழைப்பிதழ்கூட எங்களிடம் மீன்கறி வாசனையோடுதான் உருவாகும். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவேன். அப்பா தவறிப்போயிருந்தார். அம்மா மரம் சீவிச் சீவி முட்டி தேய்ந்து, வேலையை விட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் கூலிம் பஸ் நிலையத்தில் கச்சாங் விற்றார். வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை, உடைத்த முறுக்கு. தங்கை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் அறிவியல் பிரிவில் படித்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அந்தப் படிவம் வரை போன முதல் ஆள் அவள்தான்.

அவள் மேலே படிக்க ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் தேவாலயத்தில் வருடத்துக்கு ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஒரு நிதி வைத்திருந்தார்கள். தங்கையின் வேதியியல் ஆசிரியர் அந்தக் குழுவில் இருந்தார். அரசுத் தேர்வுக்கு முன் பள்ளியே வைக்கும் டிரையல் தேர்வில் அவருடைய பாடத்தில் முதலாவதாக வருகிற பிள்ளைக்கு அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். கடிதம் கையில் வந்தால் பணம் வந்த மாதிரிதான். தங்கைதான் வகுப்பில் முதல். அதனால் அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் டிரையல், டிரையல் என்றே பேச்சு.

அந்த ஆசிரியரைச் சுற்று வட்டாரத்தில் எல்லாரும் சார் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய குறிப்புகளை எல்லாம் தட்டச்சு செய்துகொடுத்தது நான்தான். மலாய் வாக்கியங்களில் எனக்குச் சிரமமே இல்லை. அந்த வளையங்கள்தான் உயிரை வாங்கும். மெழுகுத் தாளான ஸ்டென்சிலில் பிளாஸ்டிக் அச்சை வைத்து, ஊசியால் அறுகோணம் கீற வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஆறு பக்கமும் வெட்டுப்பட்டு நடுத்துண்டு பொத்தென்று கீழே விழும். ஒரு பக்கத்தில் எட்டு வளையம் இருந்தால் எட்டாவதில்தான் விழும். அன்றைக்கு என் கத்தலுக்குப் பயந்து பாய் மாடிப்பக்கமே வரமாட்டார்.

பிறகு பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சார் பினாங்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த தன் நண்பரிடமிருந்து ஒரு கட்டு டிஸ்க்குகளைக் கொண்டுவந்தார். அதில் இருந்த மென்பொருளில் நாம் பார்ப்பதை அப்படியே வரைய முடியாது. என்ன வேண்டுமென்று வரிவரியாகக் கட்டளை எழுதித் தர வேண்டும். அது படித்துப் பார்த்துப் பக்கத்தைத் தானே கோத்து அச்சடிக்கும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் யோசிக்கும், இன்னொரு பத்து நிமிடம் கிரீச் கிரீச்சென்று அடிக்கும். ஆனால் அதில் மேக்ரோ என்று ஒன்று இருந்தது. பத்துப் பதினைந்து கட்டளைகளை ஒரு சின்னப் பெயருக்குள் அடைத்து வைத்துவிடலாம். பிறகு அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும், உள்ளே இருப்பது எல்லாம் தானாக நடக்கும்.

நான் வளையத்துக்கு ஒரு மேக்ரோ செய்தேன். உச்சி மூலை ஒன்று, அங்கிருந்து கடிகாரம் போகிற பக்கமாக இரண்டு, மூன்று என்று ஆறு வரை. எந்த மூலையில் என்ன தொங்க வேண்டுமோ அந்த எண்ணைச் சொன்னால் அங்கே ஒரு கோடு நீண்டு, நுனியில் எழுத்து உட்காரும்; அந்தக் கோட்டுக்கு நான் வைத்த பெயர் கை. மூலையில் ஏன் ஒன்றுமே எழுதவில்லை என்று தங்கையைத்தான் கேட்டேன். "அங்க கார்பன் இருக்குக்கா. எல்லாருக்கும் தெரியும், அதனால எழுத மாட்டாங்க" என்றாள். எனக்குத் தெரியாதே என்று முறைத்தேன். "நீ எல்லாரும் இல்லலா" என்று சிரித்தாள்.

அந்த மேக்ரோவில் ஒரு குறை இருந்தது. அந்த மென்பொருளுக்குச் சில சாய்வுகளில் மட்டும்தான் கோடு போடத் தெரியும். சரியான அறுகோணத்துக்கு வேண்டிய சாய்வு அதனிடம் இல்லை. ஐந்து அடி பக்கவாட்டில் போனால் மூன்று அடி மேலே என்பதுதான் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. அதனால் வலது மேல் மூலையில் இரண்டு கோடுகளும் ஒட்டாமல் ஒரு புள்ளி அளவுக்கு விலகி நிற்கும். எவ்வளவோ பார்த்தேன், ஒட்டவில்லை. என் வளையத்துக்குப் பல் விழுந்துவிட்டது என்று தங்கை கேலி செய்வாள்.

இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. சாரையும் பாயையும் பக்கத்தில் நிறுத்தி வைத்து வித்தை காட்டினேன். "பாருங்க, ரெண்டுன்னு இருக்கிறதை நாலுன்னு மாத்துறேன். அவ்வளவுதான். கை கீழ இறங்கிடும், வேற பொருளாயிடும்." பாய் வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா, ஒரு நம்பர்ல மருந்தே மாறிப்போகுதா!" சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டென்சில்னா மறுபடியும் முழுப் பக்கமும் அடிக்கணும். இது அரை மணி நேர வேலை" என்று மெச்சினார். அந்தப் பாராட்டை வீட்டில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் சார் டிரையல் கேள்வித்தாளையும் என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உன் தங்கச்சி இந்த வருஷம் எழுதுறா. அது தெரிஞ்சுதான் கொடுக்குறேன். வேற யார்கிட்டயும் எனக்கு நம்பிக்கை இல்லம்மா. வீணான தாளை எல்லாம் எரிச்சிடு." நான் தலையாட்டினேன். கேள்வி இருந்த ஒவ்வொரு தாளையும் பாய் கடை அடுப்பிலேயே கொண்டுபோய்ப் போட்டு, சாம்பலாகும் வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். முடிந்த பிரதியைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, என் மேசை இழுப்பறையில் பூட்டினேன். செவ்வாய்க்கிழமை சார் வந்து எடுத்துக்கொள்வார், பிறகுதான் நகல் எடுப்பது.

ஆனால் என் புத்திக்கு எட்டாத ஒன்று இருந்தது. ஆறாவது கேள்வி, கட்டாயக் கேள்வி. அதில் ஒரு வளையம். உச்சியில் ஒரு கை, பக்கத்து மூலையில் இன்னொரு கை. அந்த வளையத்தைச் சரியாக உட்காரவைக்கக் கேள்வி இல்லாமல், ஒரு சொல்கூட இல்லாமல், வளையத்தை மட்டும் தாளுக்கு நாலைந்தாகத் தாள் தாளாக அடித்துப் பார்த்திருந்தேன். சொல் இல்லாத தாள் எப்படிக் கேள்வித்தாள் ஆகும்? வழக்கமான கழிவுத் தாள் கட்டோடு கட்டாகச் சேர்த்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாரா வாரம் அப்படித்தான். கம்ப்யூட்டர் தாள் அகலமானது, மொடமொடவென்றிருக்கும், ஒன்றைக் கிழித்தால் நான்கு கச்சாங் பொட்டலம் வரும். ஓரத்துத் துளைப் பட்டையை லயத்துப் பிள்ளைகள் மாலையாகப் போட்டுக்கொள்வார்கள். தங்கையும் அம்மாவும் சாயங்காலம் உட்கார்ந்து பொட்டலம் சுருட்டி அடுக்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் பஸ் நிலையத்துக்குப் போனேன். அம்மாவின் கூடைக்கு எதிரில், ஆறாம் படிவச் சீருடையில் மூன்று பெண்கள் நின்று கச்சாங் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையில் இருந்த பொட்டலத்தில் ஓர் அறுகோணம். வலது மேல் மூலை ஒட்டாத அறுகோணம்.

அப்படியே போய் அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தாம்மா, இது கெட்டுப்போன கச்சாங். குடு, வேற தர்றேன்."

"நல்லாத்தானே இருக்குக்கா?"

"கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சு!"

அவள் மிரண்டு விட்டுவிட்டாள். மற்ற இரண்டு பேர் பொட்டலத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் யாரோ ஒருவர் வீட்டுத் திருமண அழைப்பு, இன்னொன்று வெறும் தாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாடி இது, ஆளுங்க முன்னாடி என் கச்சாங்கைக் கெட்டதுன்னு சொல்ற? பைத்தியமா புடிச்சிருக்கு?" நான் கூடையில் மிச்சமிருந்த பொட்டலங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இன்னும் இரண்டில் வளையம் இருந்தது. காலையிலிருந்து எத்தனை போயிருக்கும், யார் கைக்குப் போயிருக்கும்? அம்மாவிடம் கேட்டால், "கச்சாங் வாங்குறவங்க மூஞ்சியை எல்லாம் நான் எழுதி வைக்கணுமா?" என்றார்.

அந்த வளையத்தைப் பார்த்தால் வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு உடனே தெரியும். அது அம்மா முட்டிக்குத் தேய்க்கிற மின்யாக் தைலத்தின் வாசனைக்குக் காரணமான பொருள். புத்தகத்தில் தனிப் பக்கமே இருக்கிறதாம்; தங்கை முன்பு எப்போதோ சொல்லியிருக்கிறாள். தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது இது யார் கடையிலிருந்து வந்த தாள் என்று ஒரு பிள்ளை யோசித்தால் போதும். அதோடு என் வேலை போகும், சாருடைய பெயர் போகும், தங்கையைத் தேர்விலிருந்தே தள்ளிவைப்பார்கள். கேள்வித்தாள் அடித்தவளின் தங்கை என்றால் யார் நம்புவார்கள்?

வீட்டுக்குப் போனதும் தங்கையைக் கண்ணால் அளந்தேன். வெள்ளிக்கிழமை தாளைச் சுருட்டியவள் அவள்தானே? பார்த்திருப்பாளா? கேட்டுவிடலாம், ஆனால் கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவள் மேசையில் வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். "என்னக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல, வெளிச்சத்துல உக்காந்து படி, கண்ணு போயிடும்" என்று ஏசினேன். மிச்சத் தாள்கள் எங்கே என்று அடுக்களையில் தேடினேன். வெறும் பழைய செய்தித்தாள்தான் இருந்தது. எல்லாத் தாளும் பொட்டலமாகிப் போய்விட்டதா, கடவுளே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் வாய் ஜெபம் சொன்னது, மனது ஆறாவது கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். உறை அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரும் அங்கேயே இருந்தது. நினைத்தால் அன்றே எல்லாவற்றையும் சாரிடம் சொல்லியிருக்கலாம். அவருடைய பள்ளி நடந்து போகிற தூரம்தான். மூன்று தடவை படியிறங்கினேன். முதல் தடவை பாய், "எங்க போற?" என்றார், திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை மழை. மூன்றாவது தடவை தடுக்க ஒன்றுமே இல்லை, நான்தான் நின்றுவிட்டேன். "வேற யார்கிட்டயும் எனக்கு நம்பிக்கை இல்லம்மா" என்று சொன்ன மனிதரிடம் போய், உங்கள் கேள்வியில் கச்சாங் மடித்து விற்றுவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

செவ்வாய்க்கிழமை சார் வந்தார். உறையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"எல்லாம் சரிதானேம்மா?"

"சரிதான் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் கூப்பிடவில்லை.

தேர்வு நடந்தது. ஒரு பேச்சும் கிளம்பவில்லை, யாரும் கேட்டு வரவில்லை. பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். கேள்வி சூசா, ரொம்பக் கஷ்டம், நேரம் போதவில்லை என்ற வழக்கமான புலம்பல்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு இறங்க ஆரம்பித்தது. தங்கையிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். அவள் பரவாயில்லை என்றால் பிரமாதம் என்று அர்த்தம். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து சார் மதிப்பெண் பட்டியலையும் ஒரு கடிதத்தையும் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். பட்டியலில் தங்கையின் பெயரை மேலே தேடினேன். அது நான்காவதாக இருந்தது. கடிதம் வேறொரு பெண்ணுக்கு.

"எனக்கே மனசு கேக்கல" என்றார் சார். "மத்ததெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பிரமாதம். ஆறாவது கேள்வியைத் தொடவே இல்ல. பக்கத்துல குறுக்க ஒரு கோடு போட்டு விட்டிருக்கா. கண்ண மூடிக்கிட்டு எழுதுற கேள்விம்மா அவளுக்கு. பயத்துல மறந்துட்டாளா என்னன்னு தெரியல. ஒரு பிள்ளைக்கு ஒரு நியாயம்னு நான் வைக்க முடியாது."

கடிதத்தை அடித்தேன். ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் தங்கை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே இருந்தார். நான் போய் எதிரில் நின்றேன், வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ கொண்டுவந்த தாள்ல பார்த்தேன்கா. உன் வளையம்தானே, பல்லு விழுந்தது. இந்த மாசம் சார் உன்கிட்ட வேற என்ன அடிக்கச் சொல்வார்? பார்த்ததும் எல்லாத்தையும் பொறுக்கி அடுப்புல போட்டுட்டேன். அதுக்குள்ள அம்மா ஒரு தாளைச் சுருட்டி அடுக்கிட்டாங்க போல, நீ பொட்டலத்தைப் புடுங்கினதை அம்மா சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."

"அதுக்காக எழுதாம விட்டியா? உனக்குத்தான் அது தெரியுமேடி! எப்பவோ தெரியுமே!"

"தெரியும். ஆனா பார்த்துட்டேனே. நாளைக்கு ஏதாச்சும் வெளிய வந்தா முதல்ல என் தாளைத்தானே எடுத்துப் பார்ப்பாங்க? நான் எழுதலைன்னா உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்ல." துணியை உதறினாள். "உன் வேலை போனா நாம எப்படிக்கா சாப்பிடறது?"

நான் கத்தவில்லை. அந்த மாதத்தில் முதல் தடவையாகக் கத்தாமல் நின்றேன்.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறை வாசலிலேயே சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கச்சாங் பொட்டலம், பஸ் நிலையம், அடுப்பு, குறுக்குக் கோடு, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிதம் நேத்தே போயிடுச்சு. அந்தப் பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் சொல்லியாச்சு. அதைத் திரும்ப வாங்கக் கூடாதும்மா, பாவம்."

"தெரியும் சார்."

"நான் உறையை வாங்க வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரெண்டை நாலாக்கினா போதும்னு நீதானே எனக்குக் காட்டின?"

ஒரு திங்கட்கிழமை முழுக்க அந்த எண் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது.

சார் யாரிடமும் சொல்லவில்லை, என் வேலையும் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். தங்கை கோரைப்பாய் விரித்துப் பொட்டலம் சுருட்டக் காத்திருந்தாள்.

"தாள் எங்கக்கா?"

"இல்ல."

எழுந்து போய், பள்ளியில் திருப்பிக் கொடுத்த தன் வேதியியல் விடைத்தாளை எடுத்து வந்தாள். நூலைப் பிரித்து, அதிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவினாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, மூலைக்கு மூலை ஒரு கோடு மட்டும். நான்காகக் கிழிக்காமல் முழுத் தாளையும் பெரிதாகச் சுருட்டி, அடியை மடித்து, வறுத்த கச்சாங்கை நிறைய அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"தின்னு. ஒரு மாசமா நீ ஒழுங்கா சாப்பிடல" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடி வரை தின்று முடித்தேன்.